கையெழுத்துப் போடாதவள்

ஜனவரி 9, வியாழன்

இன்றைக்கு வேலை போயிற்று. போயிற்று என்று எழுதுவது சரியில்லை. எடுத்துவிட்டார்கள்.

மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் எங்கள் லைன் பெண்களை மட்டும் கேன்டீனிலேயே உட்காரச் சொன்னார்கள். எச்.ஆர். கிருபாகரன் வந்தார். காருக்கு ஒயர் கட்டும் எங்கள் லைனை வடக்கே இருக்கிற யூனிட்டுக்கு மாற்றுகிறார்களாம், நாளையிலிருந்து வரவேண்டாமாம். ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள். ஆங்கிலத்தில் அடித்திருந்தது. மற்றவர்கள் பேனா தேடிக்கொண்டிருக்கும்போது நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். சொந்தக் காரணங்களுக்காக நானே வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று இருந்தது. எனக்கு அப்படிச் சொந்தக் காரணம் எதுவும் இல்லை. கிருபாகரனிடம் அதைத்தான் சொன்னேன். போட்டால் இந்த வாரமே கணக்கு முடியும், போடாவிட்டால் எப்போது முடியும் என்று தனக்குத் தெரியாது என்றார். தாளை மேஜையில் வைத்துவிட்டு எழுந்தேன். செக்யூரிட்டி கதவைத் திறக்கத் தயங்கினான். நான் நகராமல் நின்றேன். திறந்துவிட்டான்.

வாசலில் நின்று திரும்பிப் பார்த்தபோது நாகரத்னா கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். பதினோரு வருஷமாக எனக்குப் பக்கத்து இடம் அவள். பள்ளிக்கூடத்தில் தெலுங்கு மீடியம். தமிழ் நம்மைப் போலப் பேசுவாள், படிக்க வராது. இங்கிலீஷ் சுத்தமாக வராது. நோட்டீஸ் போர்டில் எதை ஒட்டினாலும் நான்தான் அவளுக்குப் படித்துச் சொல்வேன். ஒரு நிமிஷம் பொறுத்து என்னைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அது அவள் இஷ்டம்.

ஜனவரி 12, ஞாயிறு

என் வீட்டுக்காரர் திம்மராஜ் மூன்று நாளாகச் சரியாகப் பேசவில்லை. தண்ணீர் கேன் வண்டி ஓட்டுகிற மனுஷன், வழக்கமாக வீட்டுக்கு வந்ததும் ஊர்க் கதையெல்லாம் சொல்வார். இன்றைக்குச் சாப்பிட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே, கையெழுத்துப் போட்டிருந்தால் பொங்கலுக்கு ஏதாவது கையில் இருந்திருக்குமே என்றார். ஓசூரில் கம்பெனிக்கா பஞ்சம், பொங்கல் முடிந்ததும் சிப்காட்டில் நாலு கேட்டில் ஏறி இறங்கினால் ஒன்றில் எடுத்துக்கொள்வார்கள் என்று சொன்னேன். சொல்லும்போது எனக்கே தைரியமாக இருந்தது.

ஜனவரி 21, செவ்வாய்

ஏழு கம்பெனி பார்த்தாயிற்று. எல்லா கேட்டிலும் முதலில் வயசைத்தான் கேட்கிறார்கள். முப்பதுக்குள் இருக்கவேண்டுமாம். எனக்கு முப்பத்தொன்பது. லைன் லீடராக இருந்தேன் என்று சொன்னால் இன்னும் பயப்படுகிறார்கள்.

திம்மராஜுக்குச் சர்க்கரை மாத்திரை வாங்க தொழிலாளர் காப்பீட்டு டிஸ்பென்சரிக்குப் போனேன். க்யூவில் நிற்கும்போது சுவரில் ஒரு நோட்டீஸ். வேலை இழந்த காப்பீட்டுக்காரர்களுக்குக் கொஞ்ச காலத்துக்குச் சம்பளத்தில் ஒரு பங்கை உதவித்தொகையாகத் தருவார்களாம். எத்தனை வருஷமாக மாசாமாசம் பிடித்திருக்கிறார்கள்! இப்படி ஒன்று இருப்பதாக ஒருவர்கூட வாய் திறந்ததில்லை. மாத்திரை வாங்கின கையோடு காப்பீட்டு அலுவலகத்துக்கே போய்விட்டேன்.

ஜன்னலில் செபஸ்தியான் என்று ஒருவர் இருந்தார். பொறுமையாகச் சொன்னார். வேலை போய் ஒரு மாசம் கழித்துத்தான் விண்ணப்பிக்க முடியும். விண்ணப்பித்ததும் அது கம்பெனிக்குப் போகும். ஆமாம், நாங்கள்தான் நிறுத்தினோம் என்று கம்பெனி ஒப்புக்கொண்டால் பணம் வரும். தானாக விலகினவர்களுக்குக் கிடையாது. கையெழுத்து ஏதாவது போட்டுக் கொடுத்தீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். நல்ல வேலை செய்தீர்கள் என்றார். திரும்பி நடக்கும்போது இதை முதலில் யாரிடம் சொல்வது என்று யோசித்து, யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்கு வந்தேன்.

பிப்ரவரி 10, திங்கள்

பிரௌசிங் சென்டரில் போய் விண்ணப்பம் போட்டேன். ஆதார், பேங்க் பாஸ்புக், எல்லாம் ஒரே தடவையில் ஏறியது. பேரில் இன்ஷியல்கூடத் தப்பில்லை. அங்கிருந்த பெண், அக்கா, உங்க பேப்பர் மாதிரி யாரும் நீட்டா கொண்டு வர்றதில்லை என்றாள்.

பிப்ரவரி 13, வியாழன்

"கம்பெனியின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது."

பிப்ரவரி 17, திங்கள்

அதே.

ஸ்கூட்டியைத் தெருமுனை சலூன்காரரின் தம்பியிடம் கொடுத்திருக்கிறேன். சும்மா நின்றால் பேட்டரி போய்விடும். நடப்பது உடம்புக்கு நல்லது என்று டாக்டரே சொல்கிறார். திம்மராஜ் கேட்டால் சர்வீஸுக்கு விட்டிருப்பதாகச் சொல்லிக்கொள்ளலாம். காலையில் இப்போதெல்லாம் எனக்கு அவ்வளவாகப் பசிப்பதும் இல்லை. ஒரு டம்ளர் டீ போதும். மகள் ஹரிணி பத்தாவது பரீட்சைக்குப் படிக்கிறாள். அவளுக்கு மட்டும் தினம் ஒரு முட்டை.

பிப்ரவரி 24, திங்கள்

விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. "ஊழியர் தானாக விலகினார்" என்று கம்பெனி பதில் போட்டிருக்கிறது.

நேரே கம்பெனி கேட்டுக்குப் போனேன். உள்ளே விடவில்லை. வெயிலில் நின்றேன். சாப்பாட்டு நேரத்தில் கிருபாகரன் வெளியே வந்தார். கத்தவில்லை, மரியாதையாகத்தான் பேசினார். அந்தத் தாளில் இப்போதாவது கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் கணக்கையும் முடித்து, பாகலூர் ரோடு யூனிட்டில் கான்ட்ராக்டில் ஓர் இடமும் வாங்கித் தருவதாகச் சொன்னார். நாகரத்னாவுக்கு அப்படித்தான் கொடுத்திருக்கிறார்களாம்.

வேலை செய்ய எனக்குக் கசக்கவில்லை, பொய்யில் கையெழுத்துப் போடத்தான் கசக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். வரும் வழியில் நன்றாகச் சொன்னோம் என்று இருந்தது. வீட்டுக்கு வந்து அரிசி டப்பாவைத் திறந்தபோது அவ்வளவு நன்றாக இல்லை.

நாகரத்னா கான்ட்ராக்டில் இருக்கிறாளாம். இருக்கட்டும். புருஷன் இல்லாதவள், பையன் சின்னவன்.

மார்ச் 3, திங்கள்

செபஸ்தியானிடம் போனேன். கம்பெனி எழுதினதைத் தன்னால் மாற்ற முடியாது, அதை மாற்ற வைக்க ஒரே வழி தொழிலாளர் துறையில் மனுக் கொடுப்பதுதான் என்றார். மனு எப்படி எழுதவேண்டும் என்று ஒரு துண்டுத் தாளில் குறித்தும் கொடுத்தார். மாடிப்படியில் உட்கார்ந்தே எழுதி, மத்தியானத்துக்குள் கொடுத்துவிட்டேன். வாங்கினது சமரச அதிகாரி வாசுகி மேடம். கண்ணாடியைக் கழற்றாமல் இரண்டு பக்கத்தையும் படித்தார். கம்பெனிக்கு நோட்டீஸ் போகும், விசாரணைக்கு வரச் சொல்வோம் என்றார். எவ்வளவு நாளாகும் என்று கேட்டேன். அவர்கள் வருகிறதைப் பொறுத்தது என்றார்.

மார்ச் 14, வெள்ளி

தேர். உள்ளூர் விடுமுறை. எந்த ஆபீஸும் இல்லை. ஹரிணியைக் கூட்டிக்கொண்டு போய் உப்பும் மிளகும் தேர் மேல் போட்டுவிட்டு வந்தோம். கூட்டத்தில் தூரத்தில் நாகரத்னா மாதிரி ஒருத்தி தெரிந்தாள். பச்சைப் புடவை. அவளிடம் பச்சைப் புடவை கிடையாது, அதனால் அவளாக இருக்காது.

மார்ச் 19, புதன்

முதல் விசாரணை. கம்பெனி வக்கீல் வாய்தா கேட்டார். அவ்வளவுதான்.

மார்ச் 28, வெள்ளி

ஹரிணிக்கு இன்றைக்குத் தமிழ்ப் பரீட்சை. நன்றாக எழுதியிருப்பதாகச் சொன்னாள்.

சாயங்காலம் திம்மராஜ் சலூனுக்குப் போயிருக்கிறார். அங்கே ஸ்கூட்டி நின்றிருக்கிறது. சர்வீஸ் இன்னும் முடியவில்லையா என்று இவர் கேட்க, அண்ணே, அதை நான் வாங்கியாச்சே என்று அந்தத் தம்பி சொல்லியிருக்கிறான். வந்து ஒன்றும் கேட்கவில்லை. முடிவெட்டிக்கொள்ளாமலே வந்திருந்தார். ராத்திரி சாப்பாட்டில் என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், அடுத்த விசாரணை என்றைக்கு என்று மட்டும் கேட்டார். சொன்னேன். அன்றைக்கு அந்தப் பக்கம்தான் லோடு, வண்டியிலேயே வந்துவிடு என்றார். அந்தப் பக்கம் அவருக்கு லோடு கிடையாது என்று எனக்குத் தெரியும்.

ஏப்ரல் 3, வியாழன்

கேன்களுக்கு நடுவில் உட்கார்ந்து விசாரணைக்குப் போனேன். கம்பெனி இப்போது புதுசாக ஒன்று சொல்கிறது. லைனில் இருந்த எல்லாரும் விருப்பப்பட்டு விலகினார்களாம், நான் ஒருத்தி மட்டும் எதுவும் சொல்லாமல் வேலைக்கு வருவதை நிறுத்திவிட்டேனாம். கிருபாகரன் வக்கீலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஃபைலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு கேன்டீனில் என்ன நடந்தது என்று சொல்ல யாராவது இருக்கிறார்களா என்று வாசுகி மேடம் என்னைக் கேட்டார். எல்லாரும் கையெழுத்துப் போட்டவர்கள், வருவார்களா தெரியவில்லை என்றேன். கட்டாயப்படுத்தி வாங்கின கையெழுத்து என்றால் அவர்களும் மனுக் கொடுக்கலாம், உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம், இதை அவர்களிடம் போய்ச் சொல்லுங்கள் என்றார். அடுத்த தேதி பதினேழு.

வீட்டுக்கு வந்து போன் போட்டேன். ஆறு பேர். இரண்டு பேர் எடுக்கவில்லை. மூன்று பேர் வீட்டில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள். ஒருத்தி அழுதாள்.

நாகரத்னாவுக்குப் போடவில்லை. அவள் கான்ட்ராக்டில் இருக்கிறாள், வந்தால் வேலை போகும்.

ஏப்ரல் 6, ஞாயிறு

கறிவேப்பிலை வாங்கப் போனவள் நாகரத்னா வீட்டுக்குப் போய்விட்டேன்.

கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்து உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நானே போய் உட்கார்ந்தேன். தண்ணீர் கொடுத்தாள். வாசுகி மேடம் சொன்னதை அப்படியே சொன்னேன். கையெழுத்துப் போட்டவர்களுக்கும் வழியிருக்கிறது என்றேன். எனக்காக வரவேண்டாம், உனக்காக யோசி என்றேன். நாளைக்கு இந்த வேலையும் போனால் பையனுக்கு யார் சோறு போடுவது என்று கேட்டாள். நியாயமான கேள்வி. எழுந்துகொண்டேன். அப்படியே வந்திருக்கலாம். வாசலுக்கு வந்து செருப்பைப் போடும்போது கேட்டுவிட்டேன்.

"ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருந்தா படிச்சுச் சொல்லியிருப்பேன்ல?"

அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் உன் மூஞ்சியைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன், சுகுணா. நீ உன்னுதைப் படிச்சே, எந்திரிச்சே, போயிட்டே. என் பக்கம் திரும்பவே இல்ல. அப்புறம் நான் யாரைக் கேக்கறது?"

கறிவேப்பிலை வாங்கவில்லை. வீட்டுக்கு வந்து துணி துவைத்தேன். ஹரிணியின் யூனிஃபார்மை இரண்டு தடவை துவைத்தேன்.

ஏப்ரல் 9, புதன்

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. ஹரிணிக்கு இன்னும் சயின்ஸும் சோஷியலும் பாக்கி.

ஏப்ரல் 17, வியாழன்

காலையில் எழுந்ததிலிருந்து, யாரும் வரவில்லையென்றாலும் நான் ஒருத்தி பேசினால் போதும் என்று முடிவு பண்ணிக்கொண்டேன். நடந்ததை நடந்தபடி சொல்ல எதற்குக் கூட்டம்?

திம்மராஜ் என்னை இறக்கிவிட்டுவிட்டுப் போகாமல் வண்டியை வேப்பமரத்தடியில் போட்டார். உள்ளே போய் பெஞ்சில் உட்கார்ந்தேன். வக்கீல் வந்தார், கிருபாகரன் வந்தார். கூப்பிடுகிற நேரத்துக்கு நாகரத்னா படியேறி வந்தாள். யூனிட்டில் போடுகிற நீலக் கோட்டோடு, கழுத்தில் கான்ட்ராக்ட் அட்டையோடு. பர்மிஷன் போட்டு வந்திருக்கிறாள். என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். அவளுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

வக்கீல் ஆட்சேபித்தார். இந்தம்மா தன் விருப்பத்தில் எழுதிக் கொடுத்தவர், இவருக்கும் இந்த மனுவுக்கும் சம்பந்தமில்லை என்றார். வாசுகி மேடம் ஃபைலிலிருந்து அவள் தாளை எடுத்து அவளிடம் நீட்டி, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார்.

"தெரியாதுங்க மேடம். எனக்குத் தெலுங்குதான் படிக்க வரும்."

"என்னன்னு தெரியாமலா கையெழுத்துப் போட்டீங்க?"

"போட்டாத்தான் கம்பெனி பஸ்ஸுல ஏத்துவோம்னு சொன்னாங்க. பையன் ஸ்கூல் விட்டு வந்து பூட்டின வீட்டு முன்னாடி நிப்பான். அதான் போட்டேன்." அப்புறம், யாரும் கேட்காமலே, கிருபாகரனைப் பார்த்துச் சொன்னாள்: "சுகுணா வேலைக்கு வராம நிக்கல சார். நாளையிலிருந்து யாரும் வரவேணாம்னு நீங்கதானே சொன்னீங்க. நாங்க அத்தனை பேரும் கேட்டோம்."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. லைனில், அந்தச் சிவப்பு ஒயரை எடு என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள். வாசுகி மேடம் எழுதிக்கொண்டே இருந்தார். கிருபாகரனிடம், இவர் சொல்வது சரிதானா என்று கேட்டார். வக்கீல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கிருபாகரன் அவரை முந்திக்கொண்டு, வரவேண்டாம் என்று சொன்னது உண்மைதான் என்றார். அதையும் எழுதிக்கொண்டார்கள்.

வெளியே வந்ததும் திம்மராஜ் நாகரத்னாவை யூனிட் வாசல்வரை கொண்டுபோய் விட்டார். முன் சீட்டில் மூன்று பேர் நெருக்கி உட்கார்ந்தோம். வழியெல்லாம் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஐஸ் மாதிரி இருந்தது. அவள் தைரியமாகத்தான் இருந்தாள், எனக்குத்தான் என்னமோ கண்ணில் தூசி.

ஏப்ரல் 25, வெள்ளி

எதிர்பார்த்ததுதான். நாகரத்னாவின் கான்ட்ராக்டை நிறுத்திவிட்டார்கள். ஆள் தேவையில்லை என்று காரணம். சாயங்காலம் வந்து சொன்னாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். ஹரிணி போட்ட டீயைக் குடித்துவிட்டு, டீயில் இஞ்சி ஜாஸ்தி என்றாள். பையனை எங்கள் வீட்டில் சாப்பிடச் சொன்னேன். திம்மராஜ் கோழி வாங்கப் போனார். நானும் உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டேன்.

மே 6, செவ்வாய்

சமரசம் முடிந்தது. லைனை மூடினதால் கம்பெனியே வேலையிலிருந்து நிறுத்தியது என்று எழுதிக் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். எனக்கு மட்டுமில்லை. கையெழுத்துப் போட்டவர்களில் மனுக் கொடுக்கிற எல்லாருக்கும். வீட்டில் கேட்டுச் சொல்வதாகச் சொன்ன மூன்று பேரும் இன்றைக்கு வந்திருந்தார்கள். போனில் அழுதவளும் வந்தாள்.

வராந்தாவில் கிருபாகரன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இரண்டு தடவை தொண்டையைச் செருமிவிட்டு, தனக்கும் ஜூன் வரைக்கும்தான் என்றார். ஆபீஸையும் வடக்கேயே மாற்றுகிறார்களாம். இந்த உதவித்தொகை தன்னைப் போன்றவர்களுக்கும் உண்டா என்று கேட்டார். என் கோபத்தை எல்லாம் அவருக்காக எடுத்து வைத்திருந்தேன். அந்த நேரம் பார்த்து அது கைக்குக் கிடைக்கவில்லை. எனக்குத் தெரியாது சார், காப்பீட்டு அலுவலகத்தில் செபஸ்தியான் என்று ஒருவர் இருக்கிறார், நன்றாகச் சொல்வார், போய்க் கேளுங்கள் என்றேன். ஒன்றும் எழுதிக் கொடுக்காதீர்கள் என்றும் சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

மே 8, வியாழன்

மறுபடியும் விண்ணப்பம், ஜனவரியில் போன வேலைக்கு. நாங்கள் ஆறு பேர். பிரௌசிங் சென்டர் பெண் நாற்காலி போதாமல் பக்கத்துக் கடையில் கேட்டு வாங்கினாள்.

மே 16, வெள்ளி

ஹரிணிக்கு ரிசல்ட். கணக்கில் நான் நினைத்ததைவிட அதிகம். திம்மராஜ் தெருவெல்லாம் சாக்லேட் கொடுத்தார், சலூன்காரர் தம்பிக்கும்.

மே 27, செவ்வாய்

"ஏற்கப்பட்டது." எனக்கும் நாகரத்னாவுக்கும். மற்ற நான்கு பேருடையதும் நகர்ந்துகொண்டிருக்கிறது. செபஸ்தியானிடம் சொல்லலாம் என்று போனால் அவருக்குக் கம்ப்யூட்டரிலேயே தெரிந்திருக்கிறது. தாமதமாகிவிட்டது அம்மா என்றார். வந்ததே என்றேன்.

ஜூன் 4, புதன்

பணம் அக்கவுண்டில் ஏறிவிட்டது. முதல் வேலையாக ஹரிணியின் ப்ளஸ் ஒன் அட்மிஷன். மீதிக்கு அரிசி.

இந்தப் பணம் காலத்துக்கும் வந்துகொண்டிருக்கப் போவதில்லை, கொஞ்ச மாசம்தான். அதனால் நாகரத்னாவும் நானும் காலையிலேயே கிளம்பி, சூளகிரி பக்கம் புதுசாக வந்திருக்கிற ஒரு கம்பெனிக்குப் போனோம். முதலில் அவளைக் கூப்பிட்டு இரண்டே நிமிஷத்தில் அனுப்பிவிட்டார்கள். அடுத்து நான். எதிரே உட்கார்ந்திருந்தவர் சின்னப் பையன், எச்.ஆராம். என் பேரைப் படித்ததும் நிமிர்ந்தார்.

"அந்த ஒயர் கம்பெனி மேல கேஸ் போட்டது நீங்கதானா?"

ஆமாம் என்றேன். எதற்காகப் போட்டேன் என்றும் சொன்னேன். முழுசாகக் கேட்டுக்கொண்டார். அப்புறம் என் தாளை ஃபைலுக்குள் வைக்காமல் மேஜையின் ஓரமாக வைத்து, தகவல் சொல்கிறோம் என்றார். சொல்லமாட்டார். எனக்குத் தெரியும். நன்றி சொல்லிவிட்டு எழுந்தேன்.

வெளியே நல்ல காற்று. நாகரத்னாவைக் காணோம். தேடினால், அவள் அதற்குள் ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் இருந்த இன்னொரு கம்பெனியின் கேட்டுக்கு முன்னால் நின்று, செக்யூரிட்டியிடம் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையை ஆட்டி, சீக்கிரம் வா என்றாள். லாரி போகட்டும் என்று நின்று, தாண்டிப் போனேன்.